சொட்டு மருந்து போட்டாச்சு

எங்கள் வீட்டில் நாய்க்கு மாத்திரை கொடுப்பதென்றால் முதலில் மாநாடு நடக்க வேண்டும். மாநாட்டுக்கு வருவது இரண்டே பேர், நானும் என் வீட்டுக்காரரும். எந்த மாதமும் தீர்மானம் நிறைவேறியதில்லை.

நாய் ஒன்றும் உசத்தி ரகமில்லை. அடையாறு டெப்போ பக்கம் மழையில் நனைந்துகொண்டு கிடந்த செவலைக் குட்டி. குட்டி என்றே கூப்பிட்டோம். இப்போது வளர்ந்து சோபா முழுக்கத் தனதாக்கிக்கொண்ட பிறகும் பெயர் குட்டிதான். எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டிப் புதர் மண்டிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் அங்கிருந்து உண்ணி கிளம்பும். காலையில் அவள் காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் மிளகு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்கிப் போட்டால் சாயங்காலம் கால்விரல் இடுக்கில் இன்னொன்று.

இதற்கு மாசத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது. இறைச்சி வாசனை சேர்த்து பிஸ்கட் மாதிரி செய்திருக்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டால் நாயைக் கடித்த உண்ணி தானாகச் செத்து விழும். இதைவிடச் சுலபமான வேலை உண்டா? உண்டு என்பார் என் வீட்டுக்காரர். கொடுக்காமல் இருப்பது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஒரு மாநாடு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை குட்டியைக் கீழே கூட்டிக்கொண்டு போனவர், அவளைத் தூக்கிக்கொண்டு மூச்சு இரைக்க மாடியேறி வந்தார். "வலிப்பு வந்துடுச்சு, வாயெல்லாம் நுரை" என்றார். நான் தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் அவள் தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆக, வலிப்பை நான் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார். டாக்டரிடம் போனில் "ஃபிட்ஸ்" என்று சொன்னதும் அவர்தான். வலிப்பு வந்த நாய்க்கு அந்த வகை மாத்திரையை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், சில நாய்களுக்கு அது வலிப்பைத் தூண்டிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து காலைக் காபியோடு எனக்கு ஒரு பக்கவிளைவு வரும். வாந்தி, பேதி, அரிப்பு, தள்ளாட்டம், நடுக்கம் என்று கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனிலிருந்து வாசிப்பார். எங்கோ ஒரு தேசத்தில் யாருடைய நாயோ மாத்திரை தின்ற மறுநாள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றதாம். நம்ம குட்டி தினமும்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அங்கே பல்லி இருக்கிறது என்றேன். "உனக்கு எல்லாமே கிண்டல்" என்றார்.

கிண்டலெல்லாம் இல்லை. எனக்கு என் பயம் இருந்தது. குட்டிக்கு முன்னால் எங்களிடம் ஒரு கறுப்பு நாய் இருந்தான். இப்போது அவனைப் பழையவன் என்றுதான் சொல்கிறோம். அவன் உண்ணிக் காய்ச்சலில் போனான். அப்போது நான் மகளின் பிரசவத்துக்காக பெங்களூரில் இருந்தேன். சரியாகச் சாப்பிடவில்லை, ஈறெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாயங்காலம், "தூக்கத்துலயே போயிட்டான், கஷ்டப்படல" என்றார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். நான் ஊர் திரும்பியபோது அவனுடைய தட்டுகூட வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துப் போட்டிருந்தார்.

அதனால் மாநாடு முற்றும்போது நான் கடைசி அஸ்திரத்தை எடுப்பேன். "பழையவன் எதனால போனான்? மாத்திரையாலயா, உண்ணியாலயா?" இதைக் கேட்டதும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விடுவார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். ஜெயித்து என்ன பிரயோஜனம்? மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேல் அப்படியே கிடக்கும். கொடுத்தால் வலிப்பு, கொடுக்காவிட்டால் காய்ச்சல். நடுவில் குட்டி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருப்பாள், யாரோ தனக்கு ஏதோ தின்னக் கொடுக்கப் போகிறார்கள் என்று.

இதில் ஊர் யோசனை வேறு. கீழ் வீட்டு மாமி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். நாய் பக்கத்தில் வந்தால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார், ஆனால் வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. "எங்காத்துல மாட்டுக்கு வேப்பெண்ணெய்தான் தடவிண்டிருப்பா. ஒரு உண்ணி அண்டுமோ?" என்றார். தடவினோம். உண்ணி போகவில்லை, சோபா போனது. கடற்கரையில் நடக்க வரும் ஒருத்தர் பூண்டு கொடுக்கச் சொன்னார். பூண்டு நாய்க்கு ஆகாது என்று நான் சொன்னதற்கு, எங்கள் நாய் சாப்பிட்டதே என்று கோபித்துக்கொண்டார்.

ஊரூர் குப்பத்தில் நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவிடம் என் வீட்டுக்காரர் ஒரு நாள் இந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார். அந்தம்மா சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே, "நாய்க்கு இன்னா சார் மாத்திர? எங்க நாய்ங்கல்லாம் மீன் தலைய துன்னுகினு நல்லாதான் கீது" என்றார். இவர் என்னை வெற்றிப் பார்வை பார்த்தார். "போன வெயிலுக்கு ரெண்டு பூட்ச்சு. இன்னா சீக்குன்னு தெர்ல" என்று அதே மூச்சில் அந்தம்மா சொன்னது மட்டும் அவர் காதில் ஏறவில்லை. வேண்டியது மட்டும் கேட்கிற காது அது. கல்யாணமான நாளாக எனக்குப் பழக்கம்.

இந்தச் சித்திரையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலையில் குட்டியின் கழுத்துக்கடியில் கொத்தாக உண்ணி. பிடுங்கிப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போட்டேன். போட்டுவிட்டு, "இன்னைக்கு நான் தி.நகர் போறேன், பிளவுஸ் வாங்கணும். நான் திரும்பி வரதுக்குள்ள நீங்க டாக்டர்கிட்ட போய் ஒரு முடிவோட வாங்க. மாத்திரையோ மண்ணாங்கட்டியோ, ஏதோ ஒண்ணு இன்னைக்கு அவளுக்குப் போட்டாகணும்" என்றேன். நான் அந்தக் குரலில் பேசினால் அவர் எதிர்த்துப் பேசமாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டர் இருக்கும் மந்தைவெளிக்குக் கிளம்பினார்.

அங்கே நடந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. டாக்டர் சின்னப் பெண், கெட்டிக்காரி. அந்த நேரம் ஏதோ ஒரு பூனைக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். முகமூடியோடு தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஃபிட்ஸ் பயமா இருந்தா மாத்திரை வேணாம் அங்கிள், சொட்டு மருந்து எழுதித் தரேன். மாசம் ஒரு தடவை போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டவர் யார் என்பதில்தான் இருந்தது வினை.

என் வீட்டுக்காரர் தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வேலையில் இருந்த காலத்திலிருந்தே ஒவ்வொரு வருஷமும் போலியோ முகாமுக்குத் தொண்டு செய்யப் போவார். பண்டிகைக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையில் போவார். குழந்தை எவ்வளவு அலறினாலும் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கி, வாய் திறந்த அந்த நொடியில் சொட்டை விட்டுவிடுவார். உடனே சுண்டு விரல் நகத்தில் மை. மை இல்லாமல் ஒரு குழந்தை அவர் மேஜையைத் தாண்டாது. அந்த மனிதரிடம் போய்ச் சொட்டு மருந்து போடுங்கள் என்றால், எங்கே போடுவது என்று அவர் ஏன் கேட்கப் போகிறார்? தமிழ்நாட்டில் சொட்டு மருந்து போடுவது ஒரே இடத்தில்தான்.

தி.நகர் கூட்டத்தில் நசுங்கி, பிளவுஸில் கை இறுக்கமாக இருக்கிறதென்று டெய்லரிடம் சண்டை போட்டு, வியர்த்து வடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து மணியடித்தேன். கதவைத் திறந்தவர் முகம் பளபளவென்று இருந்தது.

"சொட்டு மருந்து போட்டாச்சு" என்றார்.

அப்பாடா என்று செருப்பைக் கழற்றினேன். இத்தனை மாசத் தலைவலி தீர்ந்தது. "இப்பதான் போட்டேன். கொஞ்சம் முரண்டு பிடிச்சா, நான் விடுவனா?" என்று பின்னாலேயே வந்தார். முரண்டு எதற்கு என்று ஒரு கணம் உறுத்தியது. நான் வந்தால் மேலே விழுந்து பிடுங்கும் குட்டியைக் காணோம். சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மூலையில் நின்றுகொண்டிருந்தாள். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது, நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்தாள். இடது முன்காலின் கடைசி நகத்தில் கறுப்பு மை.

"இது என்ன?" என்றேன்.

"மை. போட்டதுக்கு அடையாளம் வேணாமா?"

"எங்க போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? வாயிலதான்."

பெட்டியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதன் மேலேயே படம் போட்டிருந்தது. நாயின் கழுத்துக்குப் பின்னால், முடியை விலக்கி, தோலில் ஒரு சொட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடப் புரிய வேண்டும் என்றுதானே படம் போடுகிறார்கள். உள்ளே இருந்த காகிதத்தில் பக்கவிளைவு என்று இருந்த பகுதியை அவர் ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தார், பேனாவால் கோடுகூடப் போட்டிருந்தார். எங்கே போட வேண்டும் என்ற வரிக்கு மட்டும் கண் போகவில்லை. இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் குட்டியின் உதட்டோரத்தில் எச்சில் நுரையாகத் திரண்டது. அதைப் பார்த்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதே மாதிரி. அன்னைக்கும் இதே மாதிரிதான்" என்றார். நான் கத்தவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். வாயைத் தண்ணீர் விட்டு நன்றாகத் துடையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

நுரை தள்ளும் நாயை வைத்துக்கொண்டு சென்னையில் ஆட்டோ பிடித்துப் பாருங்கள். முதலில் வந்தவர் பார்த்ததும், "வெறிநாய் மாரி கீது, நம்மால ஆவாது நைனா" என்று கியரைப் போட்டுப் பறந்துவிட்டார். அடுத்தவர் நிறுத்தவே இல்லை. மூன்றாவதாக ஒரு பெரியவர் நின்று, "இன்னாமா, பூச்சி மருந்து எதுனா துன்னுட்ச்சா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே, பூச்சி மருந்துதான், வீட்டு ஆளே ஊட்டிவிட்டார் என்றேன். அவர் என் வீட்டுக்காரரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். வழி முழுக்கக் குட்டியின் தலை என் வீட்டுக்காரர் மடியில் இருந்தது, வேட்டி முழுக்க எச்சில்.

டாக்டர் குட்டியின் கண்ணைப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தாள், நடக்கவிட்டுப் பார்த்தாள். "கசப்பு தாங்காம எச்சில் விடுது. உள்ள போனது கொஞ்சம்தான். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும், நடுக்கம் ஏதாவது வருதான்னு பாத்துட்டு அனுப்பறேன்" என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், போன தடவை வந்த ஃபிட்ஸும் இதே மாதிரின்னு சொல்றீங்க. அன்னைக்குக் கீழ விழுந்துச்சா?"

"இல்ல."

"கால் வெட்டி வெட்டி இழுத்துச்சா? கூப்பிட்டா திரும்பிப் பாத்துதா?"

"பாத்துது. வாலைக்கூட ஆட்டுச்சு."

"வாலை ஆட்டுச்சா?" என்று டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "மழைக்காலம்னு சொன்னீங்க. செடிப் பக்கம் எதையாவது வாயில கவ்வுச்சா?"

அவர் யோசித்தார். "ஏதோ கவ்வித் துப்புச்சு. மண்ணுன்னு நெனச்சேன்."

"தேரையா இருக்கும் அங்கிள். தேரையை வாயில கவ்வினா நாய் இப்படித்தான் நுரை விடும். நீங்க சொல்றதைப் பாத்தா அது ஃபிட்ஸ் மாதிரியே தெரியல."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தேரை. ஒரு தேரைக்காக இத்தனை மாசம் உண்ணியைக் கையால் பிடுங்கினேன், சோபாவை வேப்பெண்ணெயில் ஊறவைத்தேன், விடிந்தால் பக்கவிளைவு கேட்டேன். டாக்டர் சமாதானமாக, "பரவாயில்ல ஆன்ட்டி, வலிப்பு எப்படி இருக்கும்னு தெரியாதவங்க நுரையைப் பாத்தா பயந்துடுவாங்க" என்றாள்.

"தெரியும்மா" என்றார் அவர். "பாத்திருக்கேன்."

குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சொன்னார். "முன்னாடி ஒருத்தன் இருந்தான். காய்ச்சல்ல கிடந்தான், சாப்பிடல, ஈறெல்லாம் வெளுத்துப் போச்சு. அன்னைக்குக் காலைல பாத்தா காதெல்லாம் உண்ணி. நான்தான் ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வந்து குடுத்தேன். மத்தியானம் ஆரம்பிச்சுது. விட்டு விட்டு வந்துது. படுத்த வாக்குல நாலு காலும் ஓடுது. மடியிலதான் வச்சிருந்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். என்னைத் தெரியல அவனுக்கு."

தூக்கத்தில் போனான், கஷ்டப்படவில்லை என்றுதானே நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். "இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றேன். குரல் உடைந்துவிட்டது, கோபத்தில்தான் உடைந்தது.

"நீ பிள்ளை பெத்தவ பக்கத்துல இருந்த. அங்க வந்து இதைச் சொல்லவா?"

"சரி, அதுக்கப்புறம்?"

அந்த அறையில் பால்கனி இல்லை. அவர் டாக்டரைப் பார்த்தார். "அவன் எதனாலம்மா போனான்? மாத்திரையாலயா, உண்ணியாலயா?"

என் கேள்வி. மாசா மாசம் நான் அவர் மேல் எறிந்த அதே கேள்வி, அதே வார்த்தைகள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஈறு வெளுத்து, சாப்பாடு இல்லாம இருந்திருக்கான். அந்த நிலைமைல காய்ச்சலே வலிப்பைக் கொண்டுவரும் அங்கிள். பெரும்பாலும் அதான். மாத்திரைக்கு அதுல பங்கே இல்லைன்னு இப்ப உட்கார்ந்து என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அதைக் குடுக்காம இருந்திருந்தா பொழச்சிருப்பான்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. இல்லவே இல்லை அங்கிள், காய்ச்சல்தான் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மட்டும் சரி சரி என்று தலையாட்டினார்.

குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் டாக்டர் கையால் பிஸ்கட் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே போன மருந்து முழுக்கக் கழிய ஒரு மாசம் போகட்டும், அதற்கப்புறம் மாத்திரையோ சொட்டோ உங்கள் இஷ்டம், சொட்டென்றால் கழுத்தில் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த மாசம் முழுக்க இருவரும் உட்கார்ந்து உண்ணி பிடுங்கினோம். காபியோடு பக்கவிளைவு வரவில்லை. நானும் பழையவனைப் பற்றிக் கேட்கவில்லை.

மாசம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் அவரே ஃப்ரிட்ஜ் மேலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். "சொட்டு வேணாம்னு தோணுதா?" என்று கேட்டேன். "எனக்கும் சொட்டுக்கும் இனிமே ராசியில்ல" என்றார். அட்டையை என் கையில் வைத்தார். "நீ குடு. என் கையால வேணாம்."

கொடுத்தேன். குட்டி ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று என் கையை நக்கினாள். பிறகு சோபாவில் ஏறித் தூங்கிவிட்டாள். நாங்கள் எதிரே இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் பேப்பரை எடுக்கவில்லை, நான் டிவி போடவில்லை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இது என்ன பைத்தியக்காரத்தனம், எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவலாம் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் முன்கால் துடித்தது. பிறகு பின்கால். நாலு காலும் படுத்த வாக்கில் ஓட ஆரம்பித்தன. மை அழியாத அந்த நகம் சோபாத் துணியைக் கீறியது.

அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். "கனவுங்க. எப்பவும் இப்படித்தானே ஓடுவா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

அவர் குனிந்து, மெதுவாக, "குட்டி" என்றார்.

கால்கள் நின்றன. ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வால் சோபாவில் தட்டியது.

"என்னைத் தெரியுது" என்றார்.

"தெரியாம? வாயில சொட்டு மருந்து போட்டவரை எந்த ஜென்மத்துல மறப்பா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சோபாவின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, மை வைத்த காலைக் கையில் பிடித்துக்கொண்டார். அவள் மறுபடி தூங்கிப்போன பிறகும் அதை விடவில்லை.